வெள்ள நீரில் வண்டி ஓட்டுதல்: தோட்டத் தொழிலாளர் அறிய வேண்டியவை

(பாடாங் செராய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட உரை)



மழைக் காலம் வந்துவிட்டால் தோட்டப்புறங்களில் நம்மை எதிர்நோக்கும் இடர்கள் பல. பால்வெட்டு தடைப்படுகிறது, நாட்கூலி குறைகிறது, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்று திரும்புவது பெற்றோருக்குக் கவலை தருகிறது. இவற்றோடு உயிரையே பறிக்கக்கூடிய இடர் ஒன்றும் உண்டு. நீர் புரண்டோடும் பாதையில் வண்டியை இறக்குவதே அது. ஜீப்பு, லேண்ட் ரோவர், நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப், லோரி, டிராக்டர் ஆகிய எதுவாயினும், ஆழமான நீரை எவ்வாறு கடப்பது, எப்போது கடக்காமல் நிற்பது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன். ஓட்டுநருக்கு மட்டுமன்றி, வண்டியில் ஏறிச் செல்லும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

நம் வட்டாரத்து நீரின் இயல்பு

நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டின் இறுதியில் பெருமழை பெய்கிறது. நாம் வாழும் வடமேற்குப் பகுதியிலோ ஆண்டுக்கு இருமுறை மழை வலுக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மற்றொரு முறை. இந்த இரண்டாம் பருவமே நமக்கு அதிகத் தொல்லை தருவது. 2003ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மூடா ஆறு பெருகியதால் கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் பல ஆயிரம் மக்கள் அல்லலுற்றதைப் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017ஆம் ஆண்டு நவம்பரில் பினாங்கை வாட்டிய புயல் மழை கெடாவின் தென்பகுதியையும் விட்டுவைக்கவில்லை.

வெள்ளத்தில் இரு வகை உண்டு. ஒன்று, சமவெளியில் மெல்ல மெல்ல ஏறி நாட்கணக்கில் தேங்கி நிற்பது. மற்றொன்று, மலையில் பெய்த மழை திரண்டு சில நிமிடங்களில் பாய்ந்து வருவது. இந்த இரண்டாவதை மலாய் மக்கள் ‘கெப்பாலா ஆயிர்’ என்பர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யான் பகுதியில் உயிர்ச்சேதம் விளைவித்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பாலிங் மாவட்டத்துக் கூப்பாங் பகுதியில், கம்போங் இபோய் என்னும் ஊரில், மரங்களையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு வந்த வெள்ளம் மூவரின் உயிரைப் பறித்தது. இந்த இரு நிகழ்ச்சிகளும் நவம்பர் மாதத்தில் நேர்ந்தவையல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே, மழைப் பருவம் முடிந்துவிட்டது என்று எண்ணி அசட்டையாக இருப்பதற்கில்லை.

மலையடிவாரத் தோட்டங்களில் வசிப்போர் மற்றோர் உண்மையையும் மனத்தில் பதிக்க வேண்டும். நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்து ஓடிய நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், நீரின் இரைச்சல் மாறுவதும் மேலே வெள்ளம் திரண்டுவிட்டது என்பதற்கு அடையாளங்கள். அவற்றைக் கண்டவுடன் கரையைவிட்டு விலகி மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வண்டியைக் கரையில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பதும் ஆபத்தே.

நான்கு சக்கர இயக்கம் எதற்கு?

1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வண்டி முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதன் பின்னர், பாதையற்ற இடங்களுக்குச் செல்லும் வண்டி என்றாலே லேண்ட் ரோவர் என்று சொல்லுமளவுக்கு அது மலாயாத் தோட்டங்களில் பெயர் பெற்றது. பழைய அமைப்பிலான அந்த வண்டியின் உற்பத்தி 2016ஆம் ஆண்டு ஜனவரியில் நின்றுவிட்டது. இன்று அதன் இடத்தில் டொயோட்டா, இசுசு, மிட்சுபிஷி, ஃபோர்டு முதலிய பிக்கப் வண்டிகள் தோட்டச் சாலைகளில் ஓடுகின்றன.

இவ்வண்டிகளில் எஞ்சினின் வலிமை நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. ஆகையால் ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றாலும் மற்றவை பிடித்து இழுக்கின்றன. அவற்றின் சிறப்பு அவ்வளவே. அந்தப் பிடிமானம் சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும் வரையில்தான் உண்டு. சக்கரம் தரையைவிட்டு மேலெழுந்துவிட்டால் நான்கு சக்கர இயக்கமும் ஒன்றுதான், இரு சக்கர இயக்கமும் ஒன்றுதான். நீர் வண்டியை மேலே தூக்கும் ஆற்றல் கொண்டது. இதனை உணராமல், “என் வண்டி எங்கும் போகும்” என்று நம்பியவர்களே பெரும்பாலும் விபத்துக்கு ஆளாகின்றனர்.

நீர் வண்டியைத் தூக்குவது எவ்வாறு?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பிக்கப் வண்டி ஒன்றின் நீளம் 5 மீட்டர், அகலம் ஒன்றே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு ஏறத்தாழ எட்டே முக்கால் சதுர மீட்டர். வண்டியின் அடித்தட்டுக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் ஏறினால், அது விலக்கும் நீரின் எடை சுமார் 875 கிலோகிராம். அதே அளவு விசை வண்டியைக் கீழிருந்து மேலே தூக்குகிறது. 20 சென்டிமீட்டர் ஏறினால் அந்த விசை 1,750 கிலோகிராம். வண்டியின் எடையோ சுமார் 2,000 கிலோகிராம்தான். பின்தட்டிலும் கதவு இடுக்குகளிலும் நீர் புகுவதால் இந்தக் கணக்குச் சற்றுக் குறையக்கூடும். ஆயினும், ஒரு சாண் நீர் அடித்தட்டுக்கு மேல் ஏறினாலே இரண்டு டன் வண்டி தன் எடையில் பெரும்பகுதியை இழந்து, பரிசல்போல் இலேசாகிவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் சிட்னியிலுள்ள தங்கள் நீரியல் ஆய்வுக்கூடத்தில் உண்மையான வண்டிகளை நீரில் நிறுத்திச் சோதித்து, 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான எடையுள்ள டொயோட்டா யாரிஸ் கார், வெறும் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரில், நீர் மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்தில் ஓடியபோதே நகரத் தொடங்கியது. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் அது மிதந்துவிட்டது. இரண்டரை டன் எடையுள்ள நிசான் பெட்ரோல் என்னும் பெரிய நான்கு சக்கர இயக்க வண்டியோ, ஏறத்தாழ அதே வேக நீரில், 45 சென்டிமீட்டர் ஆழத்திலேயே நிலை தடுமாறியது. 95 சென்டிமீட்டர் ஆழத்தில் அது முழுவதும் மிதந்தது. ஒரே மனிதர் அதனைக் கையால் நகர்த்த முடிந்தது.

45 சென்டிமீட்டர் என்பது நடுத்தர உயரமுள்ள ஒருவரின் முழங்கால் அளவு. 95 சென்டிமீட்டர் என்பது இடுப்பளவு. ஆகவே, ஓடும் நீர் முழங்காலைத் தொட்டால் பெரிய ஜீப்பும் பிடி இழக்கக்கூடும் என்பதை ஒவ்வொருவரும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நீரின் வேகத்தையும் இங்குக் கருத வேண்டும். வேகம் இரு மடங்கானால் நீர் தள்ளும் விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. நேற்று முழங்காலளவு நீரில் கடந்தோமே என்று இன்றும் இறங்குவது இதனால்தான் பேதைமையாகிறது. ஆழம் அதேயாக இருக்கலாம். வேகம் அதுவாக இராது. தரையும் அதுவாக இராது. கலங்கிய நீருக்கு அடியில் நேற்றிருந்த மண்பாதை அரித்துப்போய், மதகுக் குழாயே அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம்.

எஞ்சினுக்கு நேரும் கேடு

எஞ்சின் உயிர்வாழக் காற்று வேண்டும். காற்று உறிஞ்சும் குழாயின் வாயில் நீர் புகுந்தால் அது நேரே சிலிண்டருக்குள் செல்கிறது. டீசல் எஞ்சின் காற்றைப் பதினைந்து முதல் இருபது மடங்கு வரை அழுத்துகிறது. காற்று அழுத்தத்துக்கு இணங்கும், நீர் இணங்காது. அந்நிலையில் மேலேறும் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நின்றுவிட, அதனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைகிறது அல்லது முறிகிறது. ஒரு கணத்தில் எஞ்சின் பாழாகிவிடுகிறது.

ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு ஆழம் வரை நீரில் செல்லலாம் என்பதை உற்பத்தியாளர் கையேட்டில் குறித்திருப்பர். பழைய லேண்ட் ரோவருக்கு அது அரை மீட்டர். டொயோட்டா ஹைலக்ஸுக்கு 70 சென்டிமீட்டர். 2020ஆம் ஆண்டுக்குப் பின் வந்த இசுசு டி-மேக்ஸுக்கும், ஃபோர்டு ரேஞ்சருக்கும் 80 சென்டிமீட்டர். இந்த அளவுகள் அசையாத நீருக்கும், கெட்டியான தரைக்கும், மெதுவான ஓட்டத்துக்கும் உரியவை. ஓடுகின்ற ஆற்று நீருக்கு இவற்றை அளவுகோலாகக் கொள்ளலாகாது.

சிலர் வண்டியின் ஓரத்தில் கூரை வரை உயர்ந்த மூச்சுக் குழாய் ஒன்றைப் பொருத்தியிருப்பர். அக்குழாய் எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றைத் தருகிறது, அது நன்மையே. ஆனால், வண்டி மிதப்பதை அது தடுப்பதில்லை. அந்தக் குழாயை நம்பி ஆழத்தில் இறங்கியவரின் எஞ்சின் கடைசி வரை ஓடிக்கொண்டிருக்கும். வண்டியோ ஆற்றோடு போய்க்கொண்டிருக்கும்.

நீரில் இறங்குமுன்

முதலாவதாக, வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தி, இறங்கி, பார்க்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்து ஆழத்தை மதிப்பிடுவது எவராலும் இயலாது. “ஆழம் அறியாமல் காலை விடாதே” என்று நம் முன்னோர் சொன்னது காலுக்கு மட்டுமன்று, சக்கரத்துக்கும் பொருந்தும்.

இரண்டாவதாக, நீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்று காண வேண்டும். ஓர் இலையையோ சுள்ளியையோ நீரில் இட்டு, அதனுடன் கரையில் நடந்து பாருங்கள். சாதாரண நடைக்கு இலை முந்திச் சென்றால் அந்நீரில் வண்டியை இறக்கக் கூடாது.

மூன்றாவதாக, நீர் அசையாமலோ மிக மெதுவாகவோ இருந்தால் மட்டும், ஒருவர் கையில் ஆறடிக் கம்புடன், சக்கரங்கள் செல்லவிருக்கும் தடத்தில் முன்னே நடந்து, ஆழத்தையும் தரையின் உறுதியையும் குழிகளையும் ஆராய வேண்டும். அவர் முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணி அணிவது நல்லது. வெள்ள நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் புண்ணோ கீறலோ இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். ஓடும் நீரில் எவரையும் இவ்வாறு இறங்கச் சொல்லலாகாது. மனிதன் நடக்க இயலாத நீர், வண்டி ஓட்டவும் இயலாத நீர் என்பதே விதி.

நான்காவதாக, எதிர்க்கரையில் ஏறும் இடத்தைக் காண வேண்டும். இறங்குவது எளிது, ஏறுமிடம் செங்குத்தாகவோ சேறாகவோ இருந்தால் நடுநீரில் வண்டி நின்றுவிடும்.

இவற்றில் எதிலேனும் ஐயம் தோன்றினால் வேறு வழி செல்ல வேண்டும். அல்லது நீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும். இருட்டிய பிறகு வெள்ள நீரைக் கடப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

கடக்கும் முறை

எல்லாம் ஆராய்ந்து, நீர் தேங்கியது, ஆழம் குறைந்தது, தரை கெட்டியானது என்று உறுதியானபின் கடப்பதாயின், பின்வரும் முறையைக் கையாள வேண்டும்.

நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியைச் சிறிது நேரம் ஆறவிட வேண்டும். சூடேறிய அச்சுப் பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கியதும் அதனுள்ளிருக்கும் காற்றுச் சுருங்குகிறது. அப்போது வெளிநீரை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. பழைய லேண்ட் ரோவரில் கிளச் பெட்டியின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. நீரில் இறங்குமுன் அதற்குரிய திருகாணியால் அடைத்து, கரையேறிய பின் கழற்றிவிட வேண்டும். அடைத்தபடியே விட்டுவிட்டால் உள்ளே கசியும் எண்ணெய் வெளியேற வழியின்றிக் கிளச்சில் சேர்ந்துவிடும். பெட்ரோல் எஞ்சினாயின் தீப்பொறி தரும் கம்பிகளும் மூடிகளும் உலர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இழுப்புக் கயிற்றை வண்டியின் இழுப்புக் கொக்கியில் முன்னதாகவே மாட்டி, எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. நடுநீரில் சிக்கியபின் அடியில் கைவிட்டுக் கொக்கியைத் தேடுவது கடினம். கண்ணாடிகள் அனைத்தையும் இறக்கிவிட வேண்டும். இருக்கை வார்களை நீரில் இறங்கும்போது அவிழ்த்துவிட்டு, கரையேறியதும் மீண்டும் மாட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளும் முதியோரும் வண்டியில் இருந்தால், அவர்களைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கிவிட வேண்டும்.

நான்கு சக்கர இயக்கத்தில், தாழ்ந்த வரிசையின் முதல் அல்லது இரண்டாம் கியரில் வண்டியை இட்டு, மெதுவாக நீரில் இறக்க வேண்டும். பாய்ந்து இறங்கினால் நீர் முகப்பில் மோதி எழுந்து காற்றுக் குழாயில் புகும். குளிர்விப்பு விசிறியும் உடையலாம். நீரில் இறங்கியபின் விரைந்து நடக்கும் மனிதனின் வேகத்தில் சீராகச் செல்ல வேண்டும். அப்போது வண்டியின் முன்னே ஓர் அலை தோன்றும். அதன் பின்னால் எஞ்சின் இருக்குமிடத்தில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். வேகத்தைக் கூட்டினால் அலை உடைந்துவிடும். குறைத்தால் அலை திரும்பி எஞ்சினை நனைக்கும். நடுவில் கியர் மாற்றக் கூடாது. கிளச்சை மிதிக்கவும் கூடாது. மிதித்தால் கிளச் தட்டுகளிடையே நீர் புகுந்து அது வழுக்கத் தொடங்கும்.

ஒரே நேரத்தில் ஒரே வண்டிதான் நீரில் இறங்க வேண்டும். முன்னது கரையேறிய பின்னரே அடுத்தது புறப்பட வேண்டும். எதிரே வரும் பெரிய லோரி எழுப்பும் அலை, கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட சிறு வண்டியையும் மூழ்கடிக்கக் கூடும்.

வண்டி நடுவில் நின்றுவிட்டால்

எஞ்சின் நின்றுவிட்டால் அதனை மீண்டும் முடுக்க முயலக் கூடாது. சிலிண்டரில் புகுந்த நீர் அப்போதுதான் பெருங்கேடு விளைவிக்கும். நீர் அசையாமல் ஆழம் குறைந்திருந்தால், இறங்கி நடந்து கரை சேர்ந்து, கயிறு கட்டி இழுக்கலாம். இழுபடும் கயிற்றுக்கு அருகில் எவரும் நிற்கலாகாது. கயிறு அறுந்தால் சாட்டைபோல் பாய்ந்து அடிக்கும்.

நீர் ஏறிக்கொண்டிருந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் வண்டியைவிட்டு வெளியேற வேண்டும். கதவின் அடி விளிம்பிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு வெளியே நீர் நின்றால், ஒரு மீட்டர் அகலக் கதவின்மீது சுமார் 120 கிலோகிராம் எடைக்கு ஒப்பான அழுத்தம் ஏற்படுகிறது. அதனை உள்ளிருந்து தள்ளித் திறப்பது எளிதன்று. மின்விசையால் இயங்கும் கண்ணாடியும் நனைந்தபின் இறங்காமல் போகலாம். இதனால்தான் கண்ணாடிகளை முன்கூட்டியே இறக்க வேண்டும் என்றேன். நீரோட்டம் கடுமையாயிருந்து கரைக்கு நடக்க இயலாதெனில், கண்ணாடி வழியே வெளியேறி வண்டியின் கூரைமேல் ஏறி அமர்ந்து, 999 என்ற எண்ணில் உதவி கோர வேண்டும். கரையில் இருப்பவர் நீரில் குதிக்காமல் கயிறு, நீண்ட கழி, காற்றடைத்த டியூப், மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் தோம்பு முதலியவற்றை எறிந்து உதவ வேண்டும். நீந்தத் தெரிந்தவரும் வெள்ளத்தில் நீந்த வல்லவரல்லர்.

கரையேறிய பின்

நனைந்த பிரேக் பிடிக்காது. ஆதலால் சிறிது தூரம் மெதுவாகச் சென்று, பிரேக்கை இலேசாக மிதித்தபடி ஓட்டி உலரச் செய்ய வேண்டும். பின்னர், எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சுப் பெட்டி ஆகியவற்றின் எண்ணெயைச் சோதிக்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அதனை மாற்றாமல் ஓட்டினால் பற்சக்கரங்கள் தேய்ந்துவிடும். ரேடியேட்டரின் முகப்பில் சருகும் சேறும் அடைத்திருந்தால் நீக்கிவிட வேண்டும்.

லோரி, டிராக்டர், மோட்டார் சைக்கிள்

லோரியும் டிராக்டரும் உயரமானவை. ஆகவே அபாயமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். பால் தொட்டி ஏற்றிய வண்டிக்குத் தனி அபாயம் ஒன்று உண்டு. தொட்டி நிறையாமல் அரைப்பங்கு மட்டும் இருக்குமானால், வண்டி சாயும் பக்கத்துக்கே பால் முழுவதும் பாய்ந்து வண்டியைக் கவிழ்க்க முற்படும். டிராக்டரின் பின்னால் பூட்டிய வண்டி வெள்ளத்தில் பக்கவாட்டில் இழுபட்டு, டிராக்டரையும் தன்னோடு இழுத்துச் செல்லக்கூடும். அந்தப் பின்வண்டியில் ஆட்களை ஏற்றி நீரைக் கடப்பது எக்காரணத்தாலும் கூடாது.

தொழிலாளர்களில் பெரும்பாலோர் இன்று மோட்டார் சைக்கிளிலேயே வேலைக்காட்டுக்குச் செல்கின்றனர். ஒரு சாணுக்கும் குறைவான 15 சென்டிமீட்டர் ஓடும் நீர் வயது வந்த மனிதனின் கால்களை வாரிவிடப் போதுமானது. அந்நீரில் மோட்டார் சைக்கிளை ஓட்டவோ தள்ளவோ முயலக் கூடாது. வண்டி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அதைப் பிடித்து நிறுத்த முயன்று உயிரை விட்டவரின் குடும்பத்துக்கு யார் ஆறுதல் சொல்வது?

“கடக்க வேண்டாம்” என்று சொல்வது யார்?

இதுவரை சொன்னவை ஓட்டும் முறை பற்றியவை. இனி நான் சொல்லவிருப்பது அதனினும் முக்கியமானது.

வெள்ள நீரில் வண்டியை இறக்கும் ஓட்டுநர் பெரும்பாலும் துணிச்சலுக்காக அவ்வாறு செய்வதில்லை, அவசரத்துக்காகச் செய்கிறார். மழை வருமுன் பாலைச் சேகரித்து ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இல்லையேல் நாட்பாடு வீணாகும். பெரட்டுக்கு ஆட்களை நேரத்தோடு கொண்டு சேர்க்க வேண்டும். இல்லையேல் மண்டோர் முகம் சுளிப்பார். பள்ளிப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இந்த நெருக்கடிகள் உண்மையானவை. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு தொட்டிப் பால் போனால் மரம் மறுநாள் மீண்டும் பால் தரும். ஒரு லோரி ஆட்கள் போனால் ஒரு லயத்தின் விளக்குகளே அணைந்துவிடும்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தொழிலாளர் பக்கம் நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் 26ஏ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டுள்ளது. வேலையிடத்தில் உடனடி ஆபத்து உள்ளது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதனை முதலாளிக்கோ அவர்தம் பிரதிநிதிக்கோ தெரிவித்தும் அவர் அதனை நீக்க நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளர் அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமை உடையவர். அவ்வாறு விலகியதற்காக அவரைத் தண்டிப்பதோ ஒதுக்கி நடத்துவதோ கூடாது என்றும் அச்சட்டம் காப்பளிக்கிறது. ஆதலால், நீரின் கரையில் நிற்கும் ஓட்டுநர் முதலில் மண்டோருக்கோ அலுவலகத்துக்கோ தெளிவாக அறிவிக்க வேண்டும். “ஆழம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, கடந்தால் ஆபத்து” என்று சொல்ல வேண்டும். தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து அனுப்பிவிடுவது நல்லது.

1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த சொக்சோ திட்டம், வேலையின்போதும், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே செல்லும்போதும் நேரும் விபத்துகளுக்கு உதவி வழங்குகிறது. 2019ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆனால், உதவித் தொகை இழப்பை ஈடுசெய்ய முயலுமேயன்றி, இழந்தவரைத் திருப்பித் தராது.

வண்டியில் ஏறிச் செல்வோருக்கும் ஒரு கடமை உண்டு. “போ, போ, ஒன்றும் ஆகாது” என்று ஓட்டுநரைத் தூண்டுவோர் நம்மிடையே உண்டு; “நிறுத்து அண்ணே, நாங்கள் இறங்கிக்கொள்கிறோம்” என்று சொல்வோர் குறைவு. பின்தட்டில் இருப்பவரில் ஒருவர் வாய் திறந்தாலே போதும், மற்றவர்களும் துணிவு கொள்வர். தாய்மார்கள் இதில் முன்னிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டந்தோறும் செய்யத் தக்கவை

மழைப் பருவத்துக்கு முன்னரே நிர்வாகமும், தொழிற்சங்கக் கிளையும், இளைஞர்களும் கூடி நான்கு காரியங்களைச் செய்யலாம்.

ஒன்று: நீர் புரளும் ஒவ்வொரு மதகுக்கும் தாழ்வான பாதைக்கும் அருகே உறுதியான கம்பம் நட்டு, பாதையின் மட்டத்திலிருந்து அளவுகோடு இடலாம். 15 சென்டிமீட்டரில் மஞ்சள் வரி. 30 சென்டிமீட்டரில் சிவப்பு வரி. நீர் ஓடும்போது மஞ்சளைத் தொட்டால் மோட்டார் சைக்கிளும் சிறு காரும் நிற்க வேண்டும். சிவப்பைத் தொட்டால் எல்லா வண்டிகளும் நிற்க வேண்டும். ஒரு டின் சாயமும் ஒரு நாள் உழைப்பும் இதற்குப் போதும்.

இரண்டு: ஒவ்வொரு பாதைக்கும் மாற்றுவழி எது என்பதை முன்னரே முடிவு செய்து, ஓட்டுநர் அனைவருக்கும் அறிவிக்கலாம்.

மூன்று: வடிகால், நீர்ப்பாசன இலாகா தன் இணையத் தளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாகக் காட்டி வருகிறது. வானிலை இலாகா மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் மழை எச்சரிக்கை விடுக்கிறது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் காலை வேளையில் இவற்றைப் பார்த்து, பெரட்டில் அறிவிக்கும் பொறுப்பை ஏற்கலாம்.

நான்கு: ஒவ்வொரு வண்டியிலும் நீண்ட கயிறு, ஆறடிக் கம்பு, கைவிளக்கு ஆகியவற்றை வைத்திருக்கலாம். தீயணைப்பு மீட்பு நிலையத்தின் தொலைபேசி எண்ணை ஓட்டுநரின் கண்ணுக்கு எதிரே ஒட்டிவைக்கலாம்.

அன்பர்களே,

நல்ல ஓட்டுநர் என்பவர் எந்த நீரையும் கடக்கத் தெரிந்தவரல்லர். எந்த நீரைக் கடக்கக் கூடாது என்று அறிந்தவரே ஆவார். கரையில் அரை மணி நேரம் காத்திருந்த வண்டிக்காக எந்தக் குடும்பமும் கண்ணீர் விட்டதில்லை. இவ்வாண்டு மழையில் நம் பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரும் மாலையில் தத்தம் இல்லம் திரும்ப வேண்டும். அதற்கு ஓட்டுநரும், உடன் செல்வோரும், மண்டோரும், நிர்வாகமும் ஒன்றுபட்டு ஆவன செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.